அரை மாடு விலையில ஒரு வயர்

போன ஐப்பசியில மாப்ள சென்னையிலிருந்து வந்தப்ப ஒரு கருப்பு வெல்வெட் பை கொண்டு வந்தார். மாப்ளைன்னா வீட்டுக்காரம்மாவோட தம்பி. பையைப் பார்த்ததும் நகைக்கடைப் பைன்னு நினைச்சு வீட்டுக்காரம்மா ஆசையா வாங்கிப் பிரிச்சாங்க. உள்ளே ரெண்டு வயர். சாரைப்பாம்பு பருமன், மேலே வலை மாதிரி பின்னல், நுனியில தங்கமுலாம் பூசின பின்.

"என்னடா இது?"

"ஸ்பீக்கர் வயருக்கா. மாமாவுக்கு."

"எவ்வளவு?"

மாப்ள கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். 22,000. மூணு மீட்டர் ஜோடி. வீட்டுக்காரம்மா ஒண்ணும் பேசலை. சமையல்கட்டுக்குப் போற வழியில, "அரை மாடு"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனாங்க. அன்னைக்கிருந்து எங்க வீட்டுல அந்த வயருக்கு அதுதான் பேரு.

மாப்ளையைக் கேலி செய்ய இதை எழுதலை. அவர் ஏன் வாங்கி வந்தார்னு எனக்குத் தெரியும். எங்களது உறவுக்குள்ள கட்டின கல்யாணம். எங்கம்மா அவருக்குச் சொந்த அத்தை. ஆறாவதிலிருந்து பத்தாவது வரைக்கும் எங்க வீட்டுல தங்கித்தான் படிச்சார், எங்கம்மா கையால சாப்பிட்டு வளர்ந்தவர். அம்மா போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆச்சு. அவங்க குரல்னு மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு கேசட்தான்.

எங்க அய்யன், அதாவது அப்பா, தோட்டத்தோட ஒரு மைக்செட்டும் வெச்சிருந்தார். நோம்பி, கல்யாணம், காதுகுத்து, எழவு எல்லாத்துக்கும் அவர் குழாய்தான் சுத்துப்பட்டுல கேட்கும். ஒரு மாரியம்மன் நோம்பிக்கு களத்துல பொம்பளைங்க கும்மி அடிக்கிறப்ப மைக்கை நடுவுல வெச்சு அதைக் கேசட்டுல பதிஞ்சார். முன்பாட்டு எங்கம்மா. நாப்பது நிமிஷம். அதைப் போட்டுக் கேட்கத்தான் அய்யனோட பழைய ஆம்ப்ளிஃபையரையும், ஆசாரிகிட்ட சொல்லிச் செஞ்ச மரப்பெட்டி ஸ்பீக்கரையும் இன்னும் ஆசாரத்துல வெச்சிருக்கேன்.

"இந்த வயரைப் போட்டுக் கேளுங்க மாமா, அத்தை மூச்சு விடறது கூடக் கேட்கும்"னார் மாப்ள.

சத்தியமாச் சொல்றேன், கேட்டுச்சு. அன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்கு மாட்டினோம். அடுத்த அடி எடுக்கறதுக்கு முன்னால அம்மா மூச்சை இழுக்கறது தெளிவாக் கேட்டுச்சு. இத்தனை வருஷத்துல நான் அதைக் கேட்டதே இல்லை. மாப்ள கண்ணைத் துடைச்சுக்கிட்டார். நானும்தான். "அரை மாடு"ன்னு சொன்னவங்க கூட வாசப்படியில வந்து நின்னாங்க.

ஊருக்குக் கிளம்பறப்ப மாப்ள சொன்னார்: "இது ஆரம்பம்தான் மாமா. டெக்குக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவுல போற சிக்னல் வயர் ஒண்ணு இருக்கு, 14,000. அதையும் மாத்துனா அப்புறம் பாருங்க." மஞ்சள் போட்ட காசு வந்தா வாங்கிடலாம்னு மனசுக்குள்ள ஒதுக்கி வெச்சுட்டேன். வீட்டுல சொல்லலை.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லணும். வயர்ல என்ன இருக்கு, எல்லாம் ஒண்ணுதான்னு ஒரு விவசாயி சொல்ல மாட்டான். போர்வெல்லுக்குள்ள மோட்டாரை இறக்கினவன் எவனுக்கும் அது தெரியும். ஆழம் கூடக் கூட வயர் பருமனைக் கூட்டணும். காசு மிச்சம்னு ஒரு தடவை மெல்லிசு போட்டேன். மேலே மீட்டர்ல வோல்ட் சரியாக் காட்டும், கீழே மோட்டாருக்குப் போய்ச் சேர்றப்ப சரிஞ்சிருக்கும். மோட்டார் திணறி, சூடேறி, காயில் புகைஞ்சு போச்சு. கிரேன் வெச்சுத் தூக்கி, காயில் கட்டி, திரும்ப இறக்கின செலவுல நல்ல வயரே ரெண்டு தடவை வாங்கியிருக்கலாம். அதுக்கப்புறம் எந்த வயர் வாங்கினாலும் முதல்ல நுனியைக் கத்தியால சுரண்டிப் பார்க்கறது பழக்கமாயிடுச்சு. மேலே செம்பு நிறம், சுரண்டினா உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்கு மேல செம்பு முலாம். அலுமினியத்துல மின்சாரம் ஓடற தாராளம் செம்புல ஓடறதுல அறுபது சதவீதம் சொச்சம்தான். ஸ்பீக்கர் வயர்னு கடையில விக்கிறதுலயும் இந்த ஏமாத்து உண்டு.

அய்யனும் இந்தக் கணக்குத் தெரிஞ்சவர்தான். அவர் படிச்சது அஞ்சாவது. கோயில்ல ஆம்ப்ளிஃபையர், கால் மைல் தள்ளி வேப்பமரத்து உச்சியில குழாய். நடுவுல ஓடறது ஒல்லி வயர். எப்படிக் கேட்குது? ஆம்ப்ளிஃபையர் பின்னால ஒரு பக்கம் 4, 8, 16 ஓம்னு திருகு இருக்கும், இன்னொரு பக்கம் 100 வோல்ட்னு இருக்கும். தூரத்துக் குழாய்க்கு அவர் 100 வோல்ட்லதான் கட்டுவார். குழாய்கிட்ட ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் அதைத் திரும்ப இறக்கிக் கொடுக்கும். 100 வாட்டை நேரா 8 ஓம் ஸ்பீக்கருக்கு அனுப்பினா 28 வோல்ட், மூணரை ஆம்பியர். அதே 100 வாட்டை 100 வோல்ட்ல அனுப்பினா ஒரே ஆம்பியர். வயர்ல வீணாப் போறது ஆம்பியரோட வர்க்கக் கணக்கு. அப்ப பன்னெண்டுல ஒரு பங்குதான் வீண். நம்ம காட்டுக்கு மேல போற 11,000 வோல்ட் லைனும் இதே யோசனைதான்.

ஆக, வயர் முக்கியம். ஆனா எந்த இடத்துல, எவ்வளவு?

இந்தக் கேள்வியை எம்பொண்ணுதான் கேட்டா. பதினொண்ணாவது படிக்கிறா. "அப்பா, போன வருஷம் மஞ்சளுக்கு டானிக் வாங்கினப்ப என்ன செஞ்சீங்க?"

நாலு பார் தெளிக்காம விட்டேன். எந்த மருந்துக்கடைக்காரர் எதைத் தந்தாலும் நான் அப்படித்தான் செய்யறது. தெளிச்ச காட்டை மட்டும் பார்த்தா பச்சையாத்தான் தெரியும், காசு கொடுத்த கண்ணுக்கு இன்னும் பச்சையாத் தெரியும். பக்கத்துலயே தெளிக்காத பார் இருந்தாத்தான் வித்தியாசம் சொல்ல முடியும். எந்தப் பார் எதுன்னு தோண்டற ஆளுங்ககிட்டயும் சொல்லலை. எடை போட்டா ரெண்டும் ஒண்ணு. டானிக் விக்கிறவர் என்ன சொன்னார் தெரியுமா? "மூணு தெளிப்பு அடிச்சாத்தாங்க தெரியும்." மாப்ளையும் போறப்ப ஒண்ணு சொல்லிட்டுத்தான் போயிருந்தார். "100 மணி நேரம் ஓடணும் மாமா, அப்பதான் வயர் பழகும்."

பொண்ணு சொன்னா: "வயருக்கும் தெளிக்காத பார் விடுங்கப்பா."

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், கரண்ட் நல்லா இருக்கற நேரமாப் பார்த்து வெச்சோம். ஆசாரத்துல குறுக்கே ஒரு பழைய சேலையைத் திரையாக் கட்டினா. ஸ்பீக்கர் ரெண்டும் ஆம்ப்ளிஃபையரும் அந்தப் பக்கம், கட்டில்ல நான் இந்தப் பக்கம். அய்யன் காலத்து வயர், எலக்ட்ரிக்கல் கடையில வாங்கின சாதா 1.5 ஸ்கொயர் எம்எம், இன்னைக்கு விலைக்கு மொத்தமே 300 ரூபாய்க்குத்தான் வரும். அதுக்கு எதிரா அரை மாடு. ஒவ்வொரு தடவையும் காசு சுண்டணும். பூ விழுந்தா ஒண்ணு, தலை விழுந்தா இன்னொண்ணு. முன்ன இருந்ததே திரும்ப வந்தாலும் கழட்டித்தான் மாட்டணும், இல்லாட்டி சத்தத்தை வெச்சு நான் கண்டுபிடிச்சுடுவேனாம். பேசவும் கூடாது. தயாரானா ஒரு இருமல்.

16 தடவை. அதுல 12 சரியாச் சொன்னா காது கேட்குதுன்னு ஒத்துக்கறேன்னா. கண்ணை மூடிக்கிட்டு வாயில வந்ததைச் சொன்னாலும் பாதி சரியா வரும், ஆனா 12ஓ அதுக்கு மேலயோ தற்செயலா வர்றது நூத்துக்கு நாலு தடவைதான்னு கணக்குப் போட்டு வெச்சிருந்தா.

நான் சரியாச் சொன்னது ஏழு.

அதுகூடப் பரவாயில்லை. "இதுதான் புது வயர், அம்மா மூச்சு நல்லாக் கேட்குது"ன்னு அடிச்சுச் சொன்னது ஆறு தடவை. அதுல நாலு தடவை ஓடினது அய்யனோட வயர்.

கொஞ்ச நேரம் எந்திரிக்காம கட்டில்லயே உட்கார்ந்திருந்தேன். அம்மா மூச்சு முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல அந்தக் கேசட்டுலயேதான் இருந்திருக்கு. கேசட்டைப் போட்டுட்டு மாட்டுக்குத் தீவனம் கலக்கறது, போன் பேசறதுன்னு இருந்த எனக்கு அது காதுல ஏறலை. மாப்ள "கேளுங்க"ன்னு சொன்னதால அன்னைக்கு விளக்கை அணைச்சுட்டு, மூச்சுக்கூட விடாம உட்கார்ந்து கேட்டேன். கேட்டது.

அப்புறம் பொண்ணு பேப்பர்ல போட்டுக் காட்டினா. 1 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் ஒரு மீட்டருக்கு 0.017 ஓம் தடை. மூணு மீட்டர்னா போக வர ஆறு. அய்யன் வயர்ல 0.07 ஓம். அரை மாடு 4 ஸ்கொயர் எம்எம், 0.026 ஓம். ஸ்பீக்கரோ 8 ஓம். ரெண்டுக்கும் சத்தத்துல வர்ற வித்தியாசம் ஒரு டெசிபல்ல இருபதுல ஒரு பங்கு. பாட்டுக் கேட்கறப்ப ஒரு டெசிபல் கூடக் குறைய ஆனாலே நம்ம காது திணறித்தான் கண்டுபிடிக்கும். ஆக்சிஜன் நீக்கின செம்புன்னு அட்டையில போட்டிருந்ததே? சாதாரண மின்கம்பிச் செம்புக்கும் அதுக்கும் மின்சாரம் கடத்தறதுல ஒரு சதவீதம்தான் வித்தியாசம். நூல் கனம் பருமன் கூட்டினா அது ஈடாயிடும்.

இந்தச் சண்டை நம்ம வீட்டோட போகலை. 2007ல அமெரிக்காவுல ஜேம்ஸ் ராண்டின்னு ஒருத்தர், மந்திரம் மாயம்னு சொல்றவங்களைச் சோதிச்சவர், பத்து லட்சம் டாலர் பந்தயம் வெச்சார். 7,250 டாலர் ஸ்பீக்கர் வயரையும் சாதா வயரையும் கண்ணால பார்க்காம பிரிச்சுச் சொல்லுங்கன்னு. ஒரு பெரிய விமர்சகர் முன்வந்தார். வயர் கொடுக்கறதா இருந்தவங்க பின்வாங்கிட்டாங்க, சோதனை நடக்கவே இல்லை. அங்கயும் காசு சுண்டறவங்க கிட்டத்தான் தகராறு.

அதே நாள் சாயங்காலம் இன்னொண்ணும் பார்த்தோம். கட்டுத்தறியில பால் கறக்கறப்ப பாட்டுக் கேட்க ஒரு தனிப் பெட்டி மாட்டியிருக்கேன். வீட்டுலயிருந்து 25 மீட்டர். அதுக்கு நான் ஓட்டினது காலிங்பெல் வயர். அந்தப் பெட்டி எப்பவும் தொண்டை கட்டின மாதிரிதான் பாடும், பழசாயிடுச்சுன்னு விட்டுட்டேன். பொண்ணு கணக்குப் போட்டா. 0.4 ஸ்கொயர் எம்எம், போக வர 50 மீட்டர், ரெண்டு ஓமுக்கு மேல தடை. நூறு பங்கு போக வேண்டிய இடத்துல 62தான் ஸ்பீக்கருக்குப் போகுது. அதுவும் ஒரே சீராக் குறையாது. 8 ஓம்னு அட்டையில போட்டிருந்தாலும் ஸ்பீக்கரோட தடை சுதிக்குச் சுதி மாறும், ஒரு இடத்துல ஆறுக்கு இறங்கும், ஒரு இடத்துல முப்பதுக்கு ஏறும். வயர் மெல்லிசா இருந்தா இறங்கற சுதிகள் அதிகமா அமுங்கும். அதான் தொண்டை கட்டல். மோட்டாருக்கு வாங்கி மீந்த 2.5 ஸ்கொயர் எம்எம் வயர் கிடந்துச்சு, அதை ஓட்டினோம். 62 இருந்தது 92 ஆச்சு. இதுக்கும் சேலை கட்டிப் பார்த்தோம். பத்துக்குப் பத்து. மாட்டுக்கே தெரிஞ்சிருக்கும்.

அப்ப அந்த 14,000 ரூபாய் சிக்னல் வயர்? அதை வாங்கணும்னு தோணினதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. எங்க ஸ்பீக்கர்ல பாட்டுக்குப் பின்னால எப்பவும் ஒரு "ஊம்"னு ரீங்காரம். நல்ல வயர் போட்டா போயிடும்னு மாப்ள சொல்லியிருந்தார். பின்னால எட்டிப் பார்த்தா, சிக்னல் வயர் ஸ்டெபிலைசர் மேலயே சுருண்டு கிடக்கு. ஸ்டெபிலைசருக்குள்ள டிரான்ஸ்ஃபார்மர். அதைச் சுத்தி வர்ற காந்தம் பக்கத்து வயர்ல ஏறி ரீங்காரமா வரும். ஸ்டெபிலைசரை மூணடி தள்ளி வெச்சேன். முக்கால்வாசி போச்சு. பின் எல்லாம் களிம்பு ஏறிப் பச்சையாக் கிடந்துச்சு, ஸ்பிரிட்ல துணியை நனைச்சுத் தேய்ச்சேன். மிச்சமும் போச்சு. இந்த வயருக்கு மேலே வலைக்கவசம் ஒழுங்கா இருக்கணும், பின் இறுக்கமா இருக்கணும், எலி கடிச்சிருக்கக் கூடாது. அதுக்கு 14,000 வேண்டாம்.

ஒதுக்கின காசுல கொஞ்சத்தை எடுத்துக்கிட்டு டவுன்ல அய்யனோட பழைய சிநேகிதர், ரேடியோ மெக்கானிக், அவர்கிட்டப் போனேன். எழுபது தாண்டிட்டார். டெக்கைத் திறந்தார், தேஞ்சு போன பெல்ட்டை மாத்தினார், ஹெட்டைத் துடைச்சார். அப்புறம் அம்மா கேசட்டைப் போட்டு ஹெட்டுப் பக்கத்துல இருந்த பொடித் திருகை ஒண்ணைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால மெல்லத் திருப்பினார். கால் சுத்து கூட இருக்காது.

வளையல் சத்தம் வந்துச்சு.

பத்துப் பதினஞ்சு பொம்பளைங்க கைதட்டறப்ப அத்தனை கண்ணாடி வளையலும் கலகலன்னுது. அதுவரைக்கும் வெறும் கைத்தட்டு மட்டும்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். அவர் சொன்னார்: "உங்க அய்யன் இதை வேற டெக்குல பதிஞ்சிருக்காப்ல. அதுல ஹெட்டு ஒரு சாய்வுல நின்னுருக்கும், இதுல ஒரு சாய்வு. சாய்வு ஒத்துப்போகலைன்னா கீச்சு சத்தமெல்லாம் செத்துப்போயிடும் தம்பி." இது என் மனசுல பட்டதான்னு சந்தேகம் வந்து திருகைப் பழையபடி வைக்கச் சொன்னேன். வளையல் போச்சு. திருப்பினார், வந்துச்சு. கடையில டீ கொண்டு வந்த பையன்கூட "ஏதோ கூடக் கேட்குதுங்"ன்னான். பெல்ட்டுக்கும் கூலிக்கும் 450 ரூபாய் வாங்கினார். அங்கயே அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி ரெண்டு பென்டிரைவ்ல வாங்கிக்கிட்டேன். கேசட் நாடா எத்தனை நாள் தாங்கும்னு பயம் அவருக்கே இருந்துச்சு.

மாப்ளைக்குப் போன் போட்டுச் சொன்னேன். வளையலைப் பத்தி முதல்ல. அப்புறம் சேலை, காசு, ஏழு. அந்தப் பக்கம் ரொம்ப நேரம் பேச்சில்லை. "உங்க காது டிராக்டர் காது மாமா"ன்னார். வாஸ்தவம்தான், இருபது வருஷம் டிராக்டர் சத்தத்துல இருந்த காதுல உச்சிச் சுதி பாதி போயிருக்கும். "இல்லை மாப்ள, பதினாறு வயசுப் பொண்ணும் உட்கார்ந்து பார்த்தா, அவளுக்கு எட்டு"ன்னேன். "சரி வெச்சிடறேன் மாமா"ன்னுட்டார். ஒரு வாரம் கூப்பிடலை. வீட்டுக்காரம்மா என்னைத் திட்டினாங்க. "அவன் அத்தைக்குச் செஞ்சதுக்குப் போய்க் கணக்குப் பார்ப்பீங்களா?" வயரை அரை மாடுன்னு சொன்ன அதே வாய்.

நோம்பிக்கு மாப்ள குடும்பத்தோட வந்தார். பென்டிரைவைக் கையில கொடுத்தேன், வாங்கிச் சட்டைப்பையில போட்டுக்கிட்டார். ராத்திரி எல்லாரும் ஆசாரத்துல உட்கார்ந்து கேசட்டை முழுசாக் கேட்டோம். வளையல் வந்தப்ப அவர் தலையை ஆட்டினார். முடிஞ்சதும் என் பக்கம் திரும்பி, "என்ன இருந்தாலும் வயர் பழகிடுச்சு பாருங்க மாமா, போன தடவைக்கு இப்ப எவ்வளவு தெளிவு"ன்னார். ஆமாங்க மாப்ளைன்னேன்.

அந்த வயரைக் கழட்ட எனக்கு மனசு வரலை, அதேதான் கிடக்குது. அதுல ஒரு அம்புக்குறி போட்டிருக்கும், சத்தம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகணும்னு. ஸ்பீக்கர் வயர்ல ஓடறது முன்னும் பின்னும் மாறி மாறி ஓடற மின்சாரம், அதுக்கு ஏது போற பக்கம் வர்ற பக்கம். எம்பொண்ணு நோம்பிக்கு முந்தின நாளே ரெண்டு வயரையும் தலைகீழா மாட்டி வெச்சிருந்தா. இதைப் படிக்கிற வரைக்கும் மாப்ளைக்கு அது தெரியாது.